பொது நோட்டு

“இந்த வாரமும் ஒரு வரிகூட நீங்க திருத்தலையே, சார்?”

ஆரோக்கிய ஷீலா கேட்டதற்கு மெய்யநாதன் மழுப்பலாகச் சிரித்தார். “கண்ணு வலிக்குது டீச்சர்.”

ஷீலாவுக்கு அலுப்பாக இருந்தது. வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு இந்த வாசகசாலை.

புதுவயல் பற்றித் தெரிந்ததை யாரும் எழுதலாம், தப்பிருந்தால் யாரும் திருத்தலாம் என்று அங்கே ஒரு பொது நோட்டு. சம்பளமில்லாமல் அதைப் பார்த்துக்கொள்ள அவளும் தபாலாபீஸ் மெய்யநாதனும்.

பார்த்துக்கொண்டது என்னவோ அவள்தான். தப்பென்று பட்டால் ஒரே அடி. பக்கத்தில், ‘ஆதாரம் இல்லை.’

போன வருசம் எழுத வருகிறவர்களே நின்றுபோனார்கள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பொங்கலிலிருந்து பழக்கத்தை மாற்றிக்கொண்டாள். எழுதினவரைக் கேட்காமல் எதையும் அடிப்பதில்லை.

“பாத்தீங்களா, நான் மாறின பிறகு எத்தனை பேர் திரும்ப வர்றாங்க! நீங்களும் கொஞ்சம் மாறணும் சார்.”

“முயற்சி பண்றேன் டீச்சர்” என்று எழுந்தார் மெய்யநாதன். “கொஞ்சம் வேலை இருக்கு. நீங்க பூட்டிருங்க.”

இவரைத் திருத்த முடியாது என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் போன சற்று நேரத்தில் பொன்னுத்தாயி வந்தாள். அரிசி மில்லில் நெல் அவிப்பவள். அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றவள். மில்லைப் பற்றி அவள் எழுதிய ஒரு பக்கத்தையும் போன வருசம் ஷீலா அடித்திருந்தாள்.

“வாங்க, பொன்னுத்தாயி! இப்ப நான் முன்ன மாதிரி இல்லன்னு கேள்விப்பட்டீங்களா?”

“அதெல்லாம் எனக்கு எப்புடித் தெரியும் டீச்சர்? நீங்கதானே கடுதாசி போட்டு வரச் சொன்னீக!”

“நானா?”

“மார்கழியிலயே வந்துருச்சு. மில்லுல வேலை ஒழியல, இன்னைக்குத்தான் வர முடிஞ்சது. எங்க தெருவுல நாலு பேருக்கு வந்துச்சுல்ல?”

ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து ஒரு தபால் கார்டை எடுத்து நீட்டினாள். “என் பேருக்கு வந்த மொத லெட்டர் டீச்சர். பத்திரமா வச்சிருக்கேன்.”

ஷீலா வாங்கிப் படித்தாள்.

‘அன்புள்ள பொன்னுத்தாயி, பதினைந்து வருடம் அந்த மில்லில் உழைத்தவர் நீங்கள். உங்களைக் கேட்காமல் அடித்தது என் தவறு. மனதில் வைத்துக்கொள்ளாமல் மறுபடியும் வந்து எழுதுங்கள்.’

கீழே ‘ஆரோக்கிய ஷீலா’ என்று இருந்தது.

கையெழுத்து மெய்யநாதனுடையது.