ஐந்தாவது நாற்காலி

அப்பாவுக்கு நாவலை உரக்கப் படித்துக்கொண்டிருந்தவள் பக்கத்தைத் திருப்பியதும் சட்டென்று நிறுத்தினாள்.

அடுத்த வரியில் அப்பாவின் பெயர் இருந்தது.

நாவலில் பேசுகிற நான்கு பேரும் செத்துப்போன உருது எழுத்தாளர்கள். மேலுலகத்து டீக்கடையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, உயிரோடு இருந்த காலத்தில் முடிக்காத சண்டைகளை முடிக்கப் பார்க்கிறார்கள். எழுதியவர் அப்பாவின் பழைய சிநேகிதர். ஊரை விட்டுப் போய் எத்தனையோ வருஷமாகிறது.

அப்பா கட்டில் விளிம்பில் தலையணைகளுக்கு நடுவே முகத்தைத் தொங்கவிட்டபடி குப்புறப் படுத்திருந்தார். விழித்திரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு இது மூன்றாம் நாள். கண்ணுக்குள் அடைத்த வாயு கரையும்வரை முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். அழக்கூடாது, உடம்பு குலுங்கக்கூடாது என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். மற்ற கண் போய் வெகுநாளாயிற்று. இதுவும் போனால் இருட்டுதான்.

அப்பாவும் எழுத்தாளர்தான்; இருபது வருஷமாக ஒரு வரி எழுதவில்லை. ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றே அந்தச் சிநேகிதர் முடிவு கட்டிவிட்டார் போல. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா, பாவி மனுஷன்.

ஏன் நிறுத்திவிட்டாய் என்று அப்பா கேட்பதற்குள் எதையாவது படித்தாக வேண்டும்.

அவளே வசனம் கட்டினாள். நால்வரையும் மழையைப் பற்றிப் பேச வைத்தாள். மழை நாலு வரியில் தீர்ந்துபோனது. டீ ஆறிவிட்டது என்று ஒருவரை அலுத்துக்கொள்ள வைத்தாள். அவள் படித்தது வேதியியல். மலை மேல் தண்ணீர் ஏன் சீக்கிரம் கொதிக்கிறது என்று நால்வரில் ஒருவரான கஜல் கவிஞர் விளக்கத் தொடங்கினார்.

அப்பாவின் தோள் குலுங்கியது.

அழுகிறார் என்று நினைத்தாள். புத்தகத்தைப் போட்டுவிட்டுத் தரையில் மல்லாந்து, தலையணைகளின் இடைவெளி வழியே அவர் முகத்தைப் பார்த்தாள்.

சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"அவன் இவ்வளவு மோசமா எழுத மாட்டானே. நான் வர்ற இடத்தை எங்கேம்மா ஒளிச்சு வச்சே?"

அப்பாதான் சிநேகிதருக்குக் கடிதம் போட்டுக் கேட்டாராம். சண்டை போட இருந்த நாலு பேரும் போயாச்சு, எனக்கும் அங்கே ஒரு நாற்காலி போடு என்று. தன் முதல் வசனத்தையும் தானே எழுதி அனுப்பினாராம்.

தரையில் கிடந்தபடியே புத்தகத்தை எடுத்து விட்ட இடத்திலிருந்து படித்தாள். ஐந்தாவது நாற்காலியில் அப்பா வந்து உட்கார்கிறார். ஏன் இவ்வளவு தாமதம் என்று நால்வரும் கேட்கிறார்கள்.

அடுத்த வரியைப் பார்த்தாள். புத்தகத்தை மார்பின் மேல் கவிழ்த்தாள்.

கண்ணைத் திறக்காமல் அப்பாவே சொன்னார்.

"என் மக விடலை."