தனசேகருக்கு வராத வேலை

"ரெண்டு வருசமா அந்த சர்வரைக் கட்டிக்கினு அழறே. இந்தச் சின்ன வேலை வரலையா உனக்கு?"

முதலாளி தணிகாசலம் ஆபீஸே கேட்கும்படி கேட்டார். கம்ப்யூட்டர் இன்சார்ஜ் தனசேகர் வழக்கம்போலத் தலையைச் சொறிந்தார்.

"பழைய லினக்ஸ் சர்வர் சார். ஏத்துக்காது."

திருப்பதியில் இருக்கும் அந்தப் புடவைக் கம்பெனி, நகரியில் பவர்லூம் ஓட்டும் வீடுகளுக்கு நூல் கொடுத்துப் புடவையாக வாங்கிக்கொள்ளும். கணக்கு முழுக்க சர்வரில்தான். ஆனால் யார் எவ்வளவு நெய்கிறார்கள் என்று முதலாளி கேட்டால் போதும், தனசேகர் கறுப்புத் திரையில் ஏதோ தட்டிவிட்டு, "மொத்தம்தான் சார் வருது, ஆள்வாரியா வராது" என்பார்.

இந்த மனுஷனுக்குச் சம்பளம் ஒரு கேடா என்று பேசாத ஆள் அந்த ஆபீஸில் கிடையாது.

"நான் போடறேன் சார்," என்று எழுந்தாள் ரோஹிணி. நகரிப் பெண். புதிதாகச் சேர்ந்தவள், இன்னும் தற்காலிக வேலைதான்.

"போட்டுட்டேன்னா இன்னிக்கே உன்னை பர்மனென்ட் பண்றேம்மா."

ரோஹிணிக்குக் கை பரபரத்தது. பிஹெச்பி மைஅட்மின் என்று ஒரு சாஃப்ட்வேர். அதை சர்வரில் ஏற்றிவிட்டால், டேட்டாபேஸில் இருப்பதையெல்லாம் முதலாளியே பிரவுசரில் திறந்து, மவுஸால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

கமாண்டை அடித்தாள். திரையில் வரிகள் மளமளவென்று ஓடின. மொத்த ஆபீஸும் அவள் நாற்காலிக்குப் பின்னால் கூடிவிட்டது.

பிரவுசரைத் திறந்தாள். பக்கம் கிடைக்கவில்லை என்றது.

"நான்தான் சொன்னேனேம்மா, வுட்டுடு. போய் சோறு துன்னு," என்றார் தனசேகர்.

"வவுத்தெரிச்சலைப் பாரு," என்று அக்கவுன்ட்ஸ் பிரமிளா காதைக் கடித்தாள். ரோஹிணிக்கும் அப்படித்தான் பட்டது. தன்னால் முடியாததை இன்னொருத்தர் செய்தால் சிலருக்குப் பொறுக்காது.

வெப் சர்வரோடு இணைக்கும் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. சேர்த்தாள். ரீஸ்டார்ட் செய்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி திறந்தாள்.

லாகின் பக்கம் வந்து நின்றது.

ஒரே கைதட்டல். ரோஹிணிக்குக் கால் தரையில் பாவவில்லை. பிரமிளா அவளைக் கட்டிக்கொண்டாள்.

"சால பாகுந்தம்மா," சந்தோஷம் வந்தால் முதலாளிக்குத் தெலுங்கும் வந்துவிடும். "பிரமிளா, இவளுக்கு பர்மனென்ட் ஆர்டர் டைப் பண்ணு."

அவரே உட்கார்ந்து மவுஸைப் பிடித்தார். நெசவாளர் பட்டியல் திறந்தது.

"கம்மியா நெய்யறவங்களை மேல கொண்டாரணும்னா இன்னாம்மா பண்ணணும்?"

"அந்தத் தலைப்புல ஒரு கிளிக் சார்," என்றாள் ரோஹிணி பெருமையாக.

தட்டினார். பட்டியல் சட்டென்று மாறியது.

"இதைத்தான் நான் கேட்டுக்கினே இருந்தேன். மேல இருக்கிற இந்த வீடுங்களுக்கு அடுத்த மாசத்துலேருந்து நூல் கெடையாது. வேகமா நெய்யறவங்களுக்கே குடுத்துடலாம்."

ரோஹிணி அப்போதுதான் பெயர்களைப் பார்த்தாள். முதலில் ரத்னம்மா. புருஷன் போனபிறகு ஒற்றை ஆளாகத் தறி ஓட்டுகிறவள். அடுத்தது இதய ஆபரேஷன் செய்துகொண்ட நாகையா. எல்லாம் அவள் பிறந்து வளர்ந்த தெரு.

முதலாளி தன் அறைக்குப் போய்விட்டார். மற்றவர்கள் ஸ்வீட் வாங்க ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ரோஹிணி தனசேகர் பக்கம் திரும்பினாள்.

"சார், இதைப் போட உங்களுக்கு நெஜமாவே தெரியாதா?"

"சேர்ந்த வாரமே போட்டேம்மா," என்றார் தனசேகர். "அன்னிக்கும் இந்தப் பேருங்கதான் மேல வந்துச்சு. அப்பவே அந்த சாஃப்ட்வேரை எடுத்துட்டேன்."