இரண்டு மீட்பு

நேற்றுவரை 'ரெஸ்கியூ' என்று சொல்லிக்கொண்டிருந்த கடலோரக் காவல்படை அதிகாரி, இன்று மாலை 'ரெக்கவரி' என்றார். முதலாவது ஆளைத் தேடுவது, அடுத்தது உடலைத் தேடுவது. அந்தக் கரையில் இது புரிந்தவன், வளைகுடாவில் கப்பல் வேலை பார்த்துத் திரும்பிய செல்வதாசன் ஒருவன்தான். வள்ளத்தோடு காணாமல் போனது அவனுடைய அத்தான். அக்கா பிலோமி ஓடி வந்தாள்.

"என்ன தம்பி சொல்லுதாரு?"

"மீட்புப் பணி நாளைக்கும் உண்டாம்க்கா."

தமிழில் இரண்டுக்கும் அந்த ஒரே வார்த்தை போதுமாக இருந்தது. அவன் அதன் பின்னால் ஒளிந்துகொண்டான்.

விடிந்ததும், தேடும் படகில் கிளம்பவிருந்த அவனிடம் அக்கா பிளாஸ்க் நிறைய சுக்குக் காப்பியோடு வந்தாள். "வெறச்சுப் போயிருப்பாரு. போட்டுல ஏத்துனதும் குடு."

வாங்கிக்கொண்டான். அந்நேரம் இரண்டு பேர் ஒரு பெரிய பெட்டியைப் படகில் இறக்கி, அதற்குள் ஐஸ் கட்டிகளை உடைத்துப் போட ஆரம்பித்தார்கள். சத்தம் கேட்டு அக்கா திரும்பினாள். பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம்தான். படகுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"வல எடுக்கலியே. பொறவு ஐஸ் எதுக்கு தம்பி?"

செல்வதாசன் கடலைப் பார்த்தான். அவள் பெட்டியை இன்னொரு தடவை பார்த்தாள். அவன் கையிலிருந்த பிளாஸ்கை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.