ஹிஸ்டரி சீட்டு

"நீ என்னா மேஜரு?"

சிதம்பரத்துக் கல்லூரி வினாடி வினா அணியின் தலைவன் வினோத்குமார் கேட்டதும், 'ஃபிசிக்ஸ்' என்று சொல்ல வாயெடுத்தாள் சந்திரலேகா.

"ஃபிசிக்ஸ்னா அப்பிடியே திரும்பிப் போயிடும்மா. அந்த சீட்டு என்னுது. நான் சேரும்போது அது ஒண்ணுதான் காலி. இப்ப ஹிஸ்டரி ஒண்ணுதான் காலி."

"ஹிஸ்டரிதாண்ணா," என்றாள்.

"அப்ப சரி. பாதி கேள்வி சயின்ஸு, பாதி ஹிஸ்டரி. அவுங்கவுங்க மேஜர்ல வந்தாதான் பஸ்ஸர்ல கை வைக்கணும். அதான் நம்ம டீம் ரூல்."

வகுப்பில் எழுந்து நின்றாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மேடையில் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பதே அவளை இழுத்தது. கடலூர்ப் போட்டியில் ஜெயித்தால் அடுத்த சுற்று சென்னையில்.

கடலூர் பஸ்ஸில் அரசர் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். வினோத்தின் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"உங்களுக்குமா பயம்ண்ணா?"

"எனக்கென்னா பயம்? நீ சொதப்பாம இரு, போதும்."

கடைசிச் சுற்றில் இரண்டு அணிகளும் சமம்.

"தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி யாரிடமிருந்து வாங்கியது?"

சந்திரலேகாவுக்குப் படித்த எந்த அரசரும் நினைவுக்கு வரவில்லை. எதிரணி, "மராட்டியர்" என்று சொல்லிப் புள்ளியை வாங்கிக்கொண்டது.

"அதிர்வெண் நெருங்கிய இரண்டு ஒலிகள் சேரும்போது சத்தம் ஏறி இறங்கும். அதன் பெயர்?"

விம்மல்! பஸ்ஸர் வரை போன விரலை இழுத்து மடக்கிக்கொண்டாள். வினோத் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். மணி அடித்தது. தோற்றார்கள்.

மேடைக்குப் பின்னால் அவளால் அடக்க முடியவில்லை.

"அண்ணா, அது விம்மல்ண்ணா. நான் ஹிஸ்டரி இல்ல, ஃபிசிக்ஸு. சொன்னா மாட்டிப்பேன்னு..."

"தெரிஞ்சுகினே சும்மா ஒக்காந்திருந்தியா? ஒரு பொய்யால மொத்த டீமையும் கவுத்துட்டியேம்மா! வெக்கமா இல்ல ஒனக்கு?"

அவள் கண்கள் நிறைந்தன. அப்போது, பார்வையாளர் வரிசையிலிருந்து பேராசிரியர் ராமாமிர்தம் மூச்சிரைக்க வந்தார். அவர் அவர்கள் கல்லூரியின் வரலாற்றுத் துறைத் தலைவர். எங்கே தன்னை எந்த வகுப்பு என்று கேட்டுவிடுவாரோ என்று சந்திரலேகா ஒதுங்கி நின்றாள். அவரோ நேராக வினோத்திடம் போனார்.

"ஏண்டா வினோத்து, தேவனாம்பட்டினம் கோட்டைய பத்தி நம்ம கிளாஸ்ல செமினார் எடுத்தவனே நீதானடா? பஸ்ஸர அமுக்காம மரம் மாதிரி ஒக்காந்திருந்தியே!"

வினோத் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான்.