இடது கன்னத்தில் மூன்று

அடிப்பதற்கு முன்னால் கறிக்கடைக்காரர் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தங்கம் விற்கிற விலையில், அதைத் தங்கச்சி புருஷனின் தாடையில் தேய்க்க எந்த வியாபாரிக்கு மனசு வரும்?

முதல் அடி எடைக்காரரின் இடது கன்னத்தில் விழுந்தது. அவர் வெங்காய மூட்டைகள் மேல் போய்ச் சாய்ந்தார். ஒரு மூட்டை வாய் பிரிந்து, வெங்காயம் மண்டி முழுக்க உருண்டது.

"என் தங்கச்சி மேல தட்டை வீசுவீங்களா மாப்ளே?"

இரண்டாவது அடியும் அதே கன்னத்தில். பச்சை விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிடிக்கப் போன சுமைக்காரர்கள் இரண்டு பேரும் ஒரே உதறலில் தராசுப் பக்கம் போய் விழுந்தார்கள். காலையிலிருந்து எலும்பு வெட்டிய கை அது. மேல்துணியில் இருந்த ரத்தத்தில் ஆட்டினுடையது எது, மாப்பிள்ளையினுடையது எது என்று யாருக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"அடியிலயும் பாரு, மரியாதை குறையல" என்றார் உருளைக்கிழங்குக்காரர், கடையை விட்டு இறங்காமலே.

காரணம் சந்தைக்கே தெரியும். இரண்டு மாதமாக எடைக்காரரின் கடவாப்பல் சீழ் பிடித்துக் கிடந்தது. அரசு ஆஸ்பத்திரியில் எட்டு மாதம் கழித்து வா என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தனியார் டாக்டர் கேட்ட தொகைக்குத் தாடையையே புதிதாக வாங்கிவிடலாம். கொஞ்சம் பேரம் பேசினால் காதையும் சேர்த்துத் தருவார்கள்.

முதலில் தூக்கம் போயிற்று, அப்புறம் சாப்பாடு, கடைசியில் நிதானம். முந்தாநாள் சோறு சூடாக இருக்கிறதென்று தட்டை வீசி எறிந்தார். பெண்டாட்டி நேராக அண்ணன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றாவது அடிக்கு எடைக்காரர் கையைக்கூடத் தூக்கவில்லை. முழங்காலில் விழுந்து, வாய் நிறைய ரத்தத்தைத் துப்பினார். கறிக்கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் தானாகவே வழி விட்டது.

கொஞ்ச நேரத்தில் கான்ஸ்டபிள் வந்து சேர்ந்தார். கேஸெல்லாம் வேண்டாம், இது குடும்ப விஷயம், ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்று எடைக்காரர் குழறினார். போலீஸ் என்ன எழுத வேண்டும் என்று நீ சொல்லித் தராதே என்ற கான்ஸ்டபிள், அங்கேயே நாலு பேரை விசாரித்துவிட்டு, ஆளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார்.

பல் பிரிவின் நடைபாதையில் ஐம்பது வீங்கிய கன்னங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தன. வாசலில் நின்ற ஊழியர் ரத்தத்தைப் பார்த்ததும் அத்தனை பேரையும் ஒதுக்கி, எடைக்காரரை உள்ளே தள்ளினார். வரிசையிலிருந்து ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது.

டாக்டருக்கு அன்றைக்கு அது பன்னிரண்டாவது வாய். வேரே ஆட்டம் கண்டுவிட்டது, எடுத்துவிடலாம் என்றார். மரத்துப்போகிற ஊசி பாதிதான் வேலை செய்தது. டாக்டர் ஒரு காலை நாற்காலியில் ஊன்றி இழுத்தார், திருகினார், மறுபடி இழுத்தார். எடைக்காரரின் குதிகால்கள் இரும்புத் தகட்டில் தடதடவென்று அடித்துக்கொண்டன. கடைசியில் பல் சீழும் சதையுமாகக் கிண்ணத்தில் விழுந்தது.

வாயில் பஞ்சை வைத்து, அரை மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள். கான்ஸ்டபிள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பெஞ்சில் காத்திருந்தார்.

"பல்லு போயிடுச்சா?"

எடைக்காரர் தலையாட்டினார்.

"பல்லு போனா அது சும்மா அடி இல்லய்யா. கொடுங்காயம். உன் மச்சானை இன்னைக்கே பிடிச்சு உள்ள வைக்கணும்."

எடைக்காரருக்கு முகம் வெளுத்துப்போயிற்று. இப்படியொரு சட்டம் இருப்பது அவருக்கும் தெரியாது, எலும்பு வெட்டுகிறவருக்கும் தெரியாது. பஞ்சைக் கடித்தபடியே கும்பிட்டார். வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார். வாயைத் திறந்து ஏதோ சொல்லப் பார்த்தார், ரத்தம்தான் வந்தது. குனிந்து காலைப் பிடிக்கப் போனவரை ஒரு கையால் தள்ளிவிட்டு, கான்ஸ்டபிள் எழுத ஆரம்பித்தார். கறிக்கடைக்காரரின் வயது, கடை விலாசம், சாட்சிகள்.

அடுத்த வரியை யோசிப்பதற்காக நிமிர்ந்தவர், எதிர்ச் சுவரில் இருந்த பலகையைப் பார்த்தார். ‘பல் சிகிச்சைக்கு முன்பதிவு கட்டாயம். அடிபட்டு வருவோர் மட்டும் உடனே பார்க்கப்படுவர்.’

பேனா நின்றது. அவர் பலகையை இன்னொரு தடவை நிதானமாகப் படித்தார். பிறகு நோட்டில் சாட்சிகள் சொன்னதைப் படித்தார். எல்லோரும் ஒரே மாதிரி சொல்லியிருந்தார்கள்: மூன்று அடி, மூன்றும் இடது கன்னம், அடி வாங்கியவர் தடுக்கவில்லை.

எடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மச்சான் கம்பிக்குப் பின்னால் நிற்பது அவருக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் வீடு திரும்பாத பெண்டாட்டியும் தெரிந்தாள்.

தாள் கிழிகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது, கான்ஸ்டபிள் எழுதியதை நாலாய்க் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு நடைபாதையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்தார். வலது கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாக ‘நீங்க’ என்று பேசினார்.

"எனக்கு அடுத்த வருஷம் தேதி போட்டிருக்காங்க. உங்க மச்சான் போலீஸையும் அடிப்பாருங்களா?"