உள்ளே கேட்ட சத்தம்

ஏரி வற்றிச் சேறானதும் பறவைகள் எல்லாம் தெற்கே கிளம்பின. நாரை மட்டும் கருவேல மரத்தை விட்டு நகரவில்லை. பக்கத்துக் கூட்டுக்காரி வேடன் வலையில் சிக்கிச் செத்துப்போயிருந்தாள். அவளுடைய மூன்று முட்டைகளின்மேல் அது உட்கார்ந்திருந்தது.

"தெற்கே மீன் துள்ளுதாம், வாப்பா," என்று கூப்பிட்டது அதன் சிநேகிதக் கொக்கு. "இதுல ஒண்ணாவது உன் முட்டையா?"

"இல்லை."

"அப்புறம் என்ன?"

"உள்ளே தட்டுறாங்க. காதுல விழுந்தப்புறம் எப்படி எழுந்து வர்றது?"

கொக்கு பறந்துபோயிற்று. பசியில் நாரைக்குக் கண் இருட்டியது. வெயில் ஏற ஏற, இறக்கையை இன்னும் அகலமாக விரித்துக்கொண்டது.

நான்காம் நாள் மூன்று குஞ்சுகளும் வாயைப் பிளந்துகொண்டு கத்தின. நாரை தள்ளாடிச் சேற்றில் இறங்கியது. வெகுநேரம் துழாவி அகப்பட்ட ஒரே கெண்டையை, விழுங்காமல் கூட்டுக்குத் தூக்கி வந்தது.