நாலு மணிக் கோச்

மகனுக்கு நல்ல கிரிக்கெட் போலிங் கோச் வேண்டும் என்று புறக்கோட்டை முதலாளி குமரப்பன் மூன்று வாரமாகக் கொழும்பைச் சல்லடை போட்டுத் தேடினார். கொட்டாஞ்சேனையில் அகப்பட்டவருக்குச் சான்றிதழ் இல்லை. பொரளைக்காரருக்குச் சான்றிதழ் இருந்தது, பெயர் இல்லை. இரண்டும் இருந்தவர் மஷூர் ஒருவர்தான்.

“நான் ஒரே நேரத்துல ஒரு புள்ளைக்குத்தான் பழக்குற, முதலாளி.”

“கேள்விப்பட்டேன். ஸ்கூல் டீம் எடுக்கிற வரைக்கும் தினமும் நாலு மணிக்கு வெள்ளவத்தை வீட்டுக்கு வாங்க. வேற யாருக்கும் ஓம் சொல்லக்கூடாது.”

“ஒங்கட எதிர்வீட்டுக்காரரும் மகனுக்குக் கேட்டார். அப்ப ஏலாதுன்னு செல்லிடுறேன்.”

குமரப்பனுக்கு அன்று இரண்டு கவளம் சோறு கூடுதலாக இறங்கியது.

முதல் நாள் மஷூர் பந்துப் பையோடு வந்தபோது, முதலாளியின் மகன் வள்ளியப்பன் வெள்ளை உடுப்பும் புதுச் சப்பாத்துமாக வாசலிலேயே காத்து நின்றான்.

“வாங்க மகன், ஒரு பந்து போடுங்க பாப்பம்,” என்று மஷூர் பையைத் திறந்தார்.

“அதெல்லாம் வேண்டாம். நீங்க உட்காருங்க,” என்றார் குமரப்பன். “போன வருஷம் இவனை வெட்டிட்டுத்தானே எதிர்வீட்டுப் பையனை டீமுக்கு எடுத்தாங்க.”

“அதுக்கென்ன முதலாளி, பழக்கினா வரும்.”

“இவனுக்கு வராது.” மகனை வைத்துக்கொண்டே சொன்னார். “எதிர்வீட்டானுக்கு வரக்கூடாது. அதுக்குத்தான் உங்களைப் பிடிச்சது.”

பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

“என்னடா பார்த்துக்கிட்டு நிக்கிற? சப்பாத்தைக் கழட்டிட்டு, கோச்சுக்குப் பிளேன்டீ கொண்டா.”